எல்.எல்.சி.க்கு எந்த ஊர்?

2003-இல் ஒரு வணிகக் குத்தகைத் தகராறு சிகாகோவில் உள்ள ஏழாவது சர்க்கியூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. ஒரு பக்கம் பெல்வில் கேட்டரிங் என்ற உணவு நிறுவனமும் அதற்கு ஜாமீன் நின்ற ஐந்து பேரும். மறுபக்கம் ஷாம்பெயின் மார்க்கெட் பிளேஸ் என்ற எல்.எல்.சி., அதாவது வரையறுத்த பொறுப்பு நிறுவனம். கீழ் நீதிமன்றத்தில் ஜூரி சாட்சிகளைக் கேட்டு முடித்து, வழக்குப் போட்டவர்கள்தான் எதிர்த்தரப்புக்கு 2,20,000 டாலர் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி ஃபிராங்க் ஈஸ்டர்புரூக் அந்தத் தொகை சரியா தப்பா என்ற பேச்சுக்கே போகவில்லை. பிராதின் தொடக்க வரிகளில் நின்றுவிட்டார். எல்.எல்.சி. டெலவேரில் பதிவானது, இல்லினாயிலிருந்து இயங்குவது என்று அங்கே எழுதியிருந்தது. அதன் உறுப்பினர்கள் யார், எந்த மாநிலத்தவர் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. விசாரித்தால், உறுப்பினர்களில் இல்லினாய்க்காரர் இருந்தார். மிசௌரி நிறுவனம் என்று பிராதில் எழுதப்பட்ட பெல்வில் கேட்டரிங்கும் இல்லினாயில் பதிவானதாகவே இருந்தது. இல்லினாய்க்கும் இல்லினாய்க்கும் நடந்த சண்டையைக் கூட்டாட்சி நீதிமன்றம் தொட்டிருக்கவே கூடாது. ஜூரி, சாட்சிகள், வாதங்கள் எல்லாம் வீண். மாநில நீதிமன்றத்துக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்றார். இரு தரப்பு வக்கீல்களும் இனிமேல் ஆகும் வேலைக்குக் கட்டணம் வாங்காமலிருப்பதே கட்சிக்காரர்களுக்குச் செய்யும் பரிகாரம் என்றும் தீர்ப்பில் எழுதிவைத்தார்.

அந்த வக்கீல்களின் பிழை கவனக்குறைவுதான். ஆனால் தேர்ந்த வக்கீல்களும் அந்தப் பிழையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்றால், கேள்வியிலேயே ஏதோ கோணல் இருக்க வேண்டும். கேள்வி இதுதான்: ஒரு எல்.எல்.சி. எந்த மாநிலத்தின் குடிமகன்?

நம் நாட்டில் நீதிமன்றங்கள் ஒரே ஏணி. முன்சீப் நீதிமன்றத்தில் ஏறினால் மாவட்டம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம். நாடாளுமன்றம் போட்ட சட்டமானாலும் சட்டமன்றம் போட்ட சட்டமானாலும் அதே படிகள்தான். அமெரிக்காவில் ஏணிகள் இரண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி நீதிமன்ற அமைப்பு. அதற்கு இணையாக நாடு முழுக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள். கூட்டாட்சி நீதிமன்றம் எல்லா வழக்குகளையும் எடுக்காது. கூட்டாட்சிச் சட்டம் சம்பந்தப்பட்ட வழக்கு ஒரு வாசல். இன்னொரு வாசல், வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு மாநிலத்தவராக இருக்கும் வழக்கு. இதை வக்கீல்கள் ‘டைவர்சிட்டி’ என்கிறார்கள். ஜார்ஜியாக்காரன் பென்சில்வேனியாவில் வழக்காடினால் உள்ளூர் நீதிபதியும் உள்ளூர் ஜூரியும் உள்ளூர்க்காரன் பக்கம் சாய்வார்களோ என்ற பயத்தில் அரசியல் சட்டத்திலேயே வைக்கப்பட்ட வாசல் அது. 1789-ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டம் இதற்கு 500 டாலர் என்று வரம்பு போட்டது. இன்று வழக்கின் மதிப்பு 75,000 டாலரைத் தாண்ட வேண்டும்.

வாசல் உண்டு, நிலைப்படி உயரம். 1806-இல் ஸ்ட்ராபிரிட்ஜ் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், ஒரு பக்கத்தில் உள்ள எவரும் மறுபக்கத்தில் உள்ள எவரோடும் ஒரே மாநிலத்தவராக இருக்கக் கூடாது என்றார். பத்து வாதிகளில் ஒருவரும் பத்துப் பிரதிவாதிகளில் ஒருவரும் ஒரே மாநிலம் என்றால் வழக்கு வெளியே. இந்தக் குறையை எவரும் எப்போதும் எழுப்பலாம். யாரும் எழுப்பாவிட்டால் நீதிபதியே எழுப்பலாம். இரு தரப்பும் சேர்ந்து சம்மதித்தாலும் குறை தீராது. 1804-இல் கேப்ரன் என்பவர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தானே வழக்குப் போட்டுத் தோற்றார். பிறகு உச்ச நீதிமன்றத்தில் போய், நான் எந்த மாநிலத்தவர் என்று என் பிராதில் எழுதவில்லையே, ஆகையால் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றார். செல்லாது என்றே ஆனது. தான் விட்ட பிழையால் தானே பிழைத்த வாதி.

மனிதருக்குக் குடியுரிமை எது என்பது ஓரளவு எளிது: நிலையாக வாழும் எண்ணத்தோடு எங்கே இருக்கிறாரோ அந்த மாநிலம். இதை நம் ‘சொந்த ஊரோடு’ குழப்பிக்கொள்ளக் கூடாது. சென்னையில் நாற்பது வருடம் இருந்துவிட்டு இன்னும் திருநெல்வேலி என்று சொல்கிறவரை அந்தச் சட்டம் சென்னைக்காரர் என்றே எழுதிக்கொள்ளும். ஆனால் வேலைக்காக ஆறு மாதம் பெங்களூரு போனவர், திரும்பும் எண்ணம் இருக்கும்வரை, பழைய ஊர்க்காரர்தான். ‘வசிக்கிறார்’ என்பது வேறு, ‘குடிமகன்’ என்பது வேறு. பிராதில் முதல் சொல்லை எழுதி இரண்டாவதை விட்டதாலேயே திருப்பி அனுப்பப்பட்ட வழக்குகள் ஏராளம்.

சிக்கல், மனிதரல்லாதது வழக்காட வரும்போது தொடங்குகிறது. ஜார்ஜியா மாநிலம், அமெரிக்க வங்கியின் சவானா கிளைமேல் வரி போட்டது. வங்கி கட்ட மறுத்தது. வரி அதிகாரிகள் உள்ளே புகுந்து வெள்ளி நாணயப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வங்கி கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. 1809-இல் வந்த அந்த டெவோ வழக்குத் தீர்ப்பில் மார்ஷல் சொன்னதன் சாரம்: நிறுவனம் கண்ணுக்குத் தெரியாத, கையால் தொட முடியாத, செயற்கையான ஒன்று, அது குடிமகனாக இருக்க முடியாது. ஆனால் அதன் பெயருக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள், வழக்கு அவர்களுடையது. ஆகவே திரையை விலக்கி அவர்கள் எந்த மாநிலத்தவர் என்று பார்க்கலாம்.

அன்றைய நிலைக்கு இது பொருத்தமான பதில். நிறுவனம் என்றால் ஒரே ஊரின் பத்து இருபது வணிகர்கள் சேர்ந்து பணம் போட்டது. பிறகு ரயில் வந்தது. ரயில் நிறுவனங்களின் பங்குகள் ஊர் ஊராகப் பரவின. எங்கோ ஒரு பங்குதாரர் எதிர்த்தரப்பின் மாநிலத்தவராக இருந்தால் வாசல் மூடிவிடும். 1844-இல் லெட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் திசை மாறியது: கார்ப்பரேஷன், தன்னைப் பதிவுசெய்த மாநிலத்தின் குடிமகனைப் போலவே கருதப்படும். (நம்மூரில் கார்ப்பரேஷன் என்றால் குப்பை வண்டியும் சொத்து வரியும் நினைவுக்கு வரும், இங்கே அந்தச் சொல்லுக்குப் பங்குகளாகப் பிரித்துப் பதிவுசெய்த நிறுவனம் என்று பொருள்.) பழைய தீர்ப்பின் சரித்தன்மையை மார்ஷலே கடைசிக் காலத்தில் சந்தேகித்தார் என்றுகூட அந்தத் தீர்ப்பு சொன்னது. பத்தாண்டுகளுக்குள் அதையும் கொஞ்சம் மாற்றினார்கள். குடிமக்கள் பங்குதாரர்கள்தான், ஆனால் அத்தனை பேரும் நிறுவனம் பதிவான மாநிலத்தவர்கள் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும், அந்த ஊகத்தை எவரும் சான்று காட்டி மறுக்க முடியாது. பொய் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை, மறுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு உண்மையாக்கினார்கள். பழைய கொள்கையைக் கைவிட்டோம் என்று சொல்ல மனமில்லாத நீதிபதிகள் கண்டுபிடித்த கௌரவமான வழி அது. சட்ட வரலாற்றில் இப்படிப்பட்ட சாமர்த்தியங்கள் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதற்கான விலை அடுத்த நூற்றாண்டில் வேறொருவர் கணக்கில் ஏறியது.

அந்தக் கௌரவமான பொய்யை வணிகர்கள் நன்றாகவே பயன்படுத்தினார்கள். கென்டக்கியின் பௌலிங் கிரீன் ரயில் நிலையத்தில் சவாரி ஏற்றும் ஏகபோக உரிமை ஒரு டாக்சி நிறுவனத்துக்கு இருந்தது. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைக் கென்டக்கி நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. கென்டக்கி நிறுவனமான அது தன்னைக் கலைத்துக்கொண்டு, அதே ஆட்களோடு அதே வண்டிகளோடு டென்னசியில் புதிதாகப் பதிவுசெய்துகொண்டது. இப்போது அது ‘வெளியூர்’ நிறுவனம். போட்டி டாக்சி நிறுவனத்தின் மேல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, 1928-இல் உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்தது. நீதிபதி ஹோம்ஸ் மறுத்து எழுதிய அந்த வழக்கு நீண்ட நாள் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. 1958-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது: கார்ப்பரேஷன் பதிவான மாநிலத்துக்கும் குடிமகன், அதன் முதன்மைத் தொழிலிடம் உள்ள மாநிலத்துக்கும் குடிமகன். முதன்மைத் தொழிலிடம் என்றால் எது என்ற குழப்பத்தை 2010-இல் ஹெர்ட்ஸ் வழக்கு தீர்த்தது: மேல் அதிகாரிகள் இருந்து நிறுவனத்தை நடத்தும் தலைமையகம். இதோடு கார்ப்பரேஷன் கதை முடிந்தது. இரண்டு மாநிலம், இரண்டே கேள்வி, பதில் அரசு ஆவணத்திலும் நிறுவனத்தின் விலாசத்திலும் கிடைத்துவிடும்.

இந்தச் சலுகை கார்ப்பரேஷன் என்ற பெயர் உள்ளவற்றுக்கு மட்டும். மற்றவர்களை நீதிமன்றம் 1809-ஆம் ஆண்டிலேயே விட்டுவிட்டு வந்தது. 1889-இல் ஒரு கூட்டுப் பங்கு நிறுவனம் வந்து கேட்டது: இல்லை. 1900-இல் பென்சில்வேனியாவின் ஒரு வரையறுத்த கூட்டாண்மைச் சங்கம்: இல்லை. 1965-இல் எஃகுத் தொழிலாளர் சங்கம் வட கரோலினாவில் சிக்கிக்கொண்டு, உள்ளூரில் தொழிற்சங்கம் என்றாலே வெறுப்பு இருக்கிறது, எங்களுக்காகத்தானே இந்த வாசல் வைத்தீர்கள் என்று கேட்டது. வாதம் வலுவானது என்று ஒப்புக்கொண்ட நீதிபதிகள், காங்கிரஸிடம் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். புவெர்ட்டோ ரிக்கோவின் ஸ்பானியச் சட்டமரபில் உருவான ஒரு கூட்டாண்மைக்கு மட்டும் 1933-இல் விலக்குக் கிடைத்தது. பின்வந்த நீதிபதிகள் அதை விதிக்குள் சேராத ஒரு விசித்திரமாகவே ஒதுக்கிவைத்தார்கள்.

இன்றைய நிலையை முடிவு செய்தது 1990-இல் வந்த கார்டன் வழக்கு. அரிசோனாவில் உருவான ஆர்கோமா என்ற வரையறுத்த கூட்டாண்மை, லூசியானாக்காரர் இருவர்மேல் லூசியானா கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பணம் மட்டும் போட்டுவிட்டு நிர்வாகத்தில் தலையிடாத அதன் கூட்டாளிகளில் ஒருவர் லூசியானாக்காரர். நிர்வாகம் செய்யும் கூட்டாளியை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாதா என்பதே கேள்வி. போதாது, அத்தனை பேரையும் எண்ண வேண்டும் என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பானது. எழுதியவர் அன்டனின் ஸ்கேலியா. தீர்ப்பில் ஒரு நேர்மை உண்டு. கார்ப்பரேஷனுக்கு ஒன்று, அதேபோலத் தோன்றும் கூட்டாண்மைக்கு வேறொன்று என்பது தர்க்கத்துக்கு ஒட்டாது என்று அவருக்குத் தெரியும். ஒரு முறை நீதிமன்றம் கற்பனை செய்து மாட்டிக்கொண்டது, இன்னொரு முறை செய்யமாட்டோம், வேண்டுமானால் காங்கிரஸ் எழுதட்டும் என்பதே அவர் நிலை. மறுத்து எழுதிய சாண்ட்ரா டே ஓ’கானர், வழக்கை யார் கையில் வைத்து நடத்துகிறாரோ அவரைப் பாருங்கள் என்றார். நடைமுறைக்கு ஓ’கானரின் வழிதான் நல்லது என்பது என் எண்ணம். ஆனால் அவரோடு சேர்ந்தவர்கள் மூன்று பேர், ஸ்கேலியாவோடு நான்கு.

இந்தத் தீர்ப்பு வந்த நேரத்தில் எல்.எல்.சி. என்பது பலரும் கேள்விப்படாத பெயர். ஹாமில்டன் பிரதர்ஸ் என்ற எண்ணெய் நிறுவனம் வெளிநாடுகளில் பனாமா நாட்டு அமைப்பு ஒன்றைப் பயன்படுத்திவந்தது. அதைப்போல் உள்நாட்டில் ஒன்று வேண்டும் என்று அலாஸ்காவில் முயன்று முடியாமல், 1977-இல் வயோமிங் மாநிலத்தில் சட்டமாக்கிக்கொண்டது. பங்குதாரர் சொந்தச் சொத்துக்கு ஆபத்தில்லாத கார்ப்பரேஷன் கவசம். லாபத்துக்கு இரட்டை வரி இல்லாத கூட்டாண்மை வசதி. இரண்டும் ஒன்றாகக் கிடைக்குமா என்று எல்லோருக்கும் சந்தேகம் இருந்தது. 1988-இல் வருமான வரித்துறை, வயோமிங் எல்.எல்.சி.யைக் கூட்டாண்மையாகவே வரி போடலாம் என்றது. அதன்பிறகு அணை உடைந்த மாதிரி. பத்தாண்டுகளுக்குள் எல்லா மாநிலங்களும் சட்டம் போட்டுவிட்டன. இன்று தெருமுனை உணவகம், வீட்டு வாடகை முதலீடு, தனியார் முதலீட்டு நிதியம், பல நூறு கோடி டாலர் எரிவாயுக் குழாய் எல்லாம் எல்.எல்.சி. வடிவில்தான் நடக்கின்றன.

கார்ப்பரேஷன் போலவே நடக்கும் இதை எந்தப் பெட்டியில் போடுவது? 1998-இல் ஏழாவது சர்க்கியூட்டில் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர், மில்வாக்கி நகரத்து உணவகம் ஒன்றைப் பற்றிய வழக்கில், கூட்டாண்மையோடு ஒட்டிய இனம்தான் இது, ஆகவே உறுப்பினர் ஒவ்வொருவரின் மாநிலமும் எல்.எல்.சி.யின் மாநிலம் என்றார். மற்ற மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் அதே வழியில் வந்துவிட்டன. உச்ச நீதிமன்றம் எல்.எல்.சி.யை நேரடியாக எடுத்துப் பேசவில்லை. ஆனால் 2016-இல் அமெரிக்கோல்ட் வழக்கில் திசையை உறுதிசெய்துவிட்டது. கேன்சஸில் நிலத்தடி உணவுக் கிடங்கு ஒன்றில் 1991-இல் பிடித்த தீ பற்றிய வழக்கு அது. அமெரிக்கோல்ட் ஒரு மேரிலாந்து ரியல் எஸ்டேட் டிரஸ்ட். அதன் பங்குதாரர்களே அதன் உறுப்பினர்கள், அவர்கள் குடியுரிமையே அதன் குடியுரிமை என்று சோனியா சோட்டோமேயர் எழுதினார். தீர்ப்பு ஒருமனது. தீ அணைந்து கால் நூற்றாண்டு ஆகியும், அதை எந்த நீதிமன்றம் விசாரிக்கலாம் என்ற கேள்வியில் வழக்கு நின்றிருந்தது.

இனி இந்த விதி நடைமுறையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நிலம் வாங்குகிறவர் தாய்ப்பத்திரம் தேடுவார். விற்கிறவருக்கு யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து என்று மூன்று தலைமுறை பின்னால் போவார். எல்.எல்.சி.யின் குடியுரிமையைத் தேடுவதும் அதே வேலை. வழக்கில் நிற்கும் எல்.எல்.சி.க்கு உறுப்பினர் மூவர் என்று வையுங்கள். முதல்வர் மனிதர், ஃபுளோரிடா, முடிந்தது. இரண்டாவது ஒரு கார்ப்பரேஷன். பதிவு டெலவேர், தலைமையகம் டெக்சாஸ், இதுவும் முடிந்தது. மூன்றாவது இன்னொரு எல்.எல்.சி. அதைத் திறந்தால் உள்ளே ஒரு குடும்ப டிரஸ்ட், ஒரு வரையறுத்த கூட்டாண்மை, இன்னும் இரண்டு எல்.எல்.சி. கூட்டாண்மையைத் திறந்தால் முதலீட்டாளர்கள் நாற்பது பேர். அவர்களில் ஒரு ஓய்வூதிய நிதியமும் இருக்கும். எங்கெல்லாம் கார்ப்பரேஷனோ மனிதரோ வருகிறார்களோ அங்கெல்லாம் கிளை நிற்கும். மற்ற இடங்களில் இன்னும் ஒரு படி இறங்க வேண்டும். அத்தனை இலைகளின் மாநிலங்களையும் எடுத்து மேலே இருக்கும் எல்.எல்.சி.யின் தலையில் ஏற்ற வேண்டும். நாற்பது பேரில் ஒருவர் எதிர்த்தரப்பின் மாநிலத்தவர் என்றால் கதை முடிந்தது.

நிலத்துக்காவது சார்பதிவாளர் அலுவலகம் இருக்கிறது, வில்லங்கச் சான்று கிடைக்கும். எல்.எல்.சி.க்கு அது இல்லை. டெலவேரில் ஒரு எல்.எல்.சி.யைப் பதிவுசெய்யத் தாக்கல் செய்யும் சான்றிதழில் பெயரும் பதிவு அலுவலகமும் பதிவு முகவரும் இருந்தால் போதும். உறுப்பினர் பெயர் வேண்டியதில்லை. பல பேர் எல்.எல்.சி. தொடங்குவதே பெயர் வெளியே வராமலிருக்கத்தான். நிறுவனங்களின் உண்மை உரிமையாளர்களைக் கருவூலத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2021-இல் ஒரு சட்டம் வந்து, 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 மார்ச்சில் உள்நாட்டு நிறுவனங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். விலக்கு வராமல் போயிருந்தாலும் வழக்காடுகிறவருக்குப் பெரிய பயன் இருந்திருக்காது: அந்தப் பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கானதல்ல. நான்கில் ஒரு பங்கு வைத்திருப்பவர் யார், நிர்வாகத்தைக் கையில் வைத்திருப்பவர் யார் என்பதுதான் அதன் கவலை. டைவர்சிட்டிக்கு நூற்றில் ஒரு பங்கும் ஒன்றுதான், தொண்ணூறும் ஒன்றுதான்.

ஆகவே வாதியின் நிலை இது. எதிராளி எல்.எல்.சி. வழக்கு போடும் நாளிலேயே அதன் உறுப்பினர் அத்தனை பேரின் மாநிலத்தையும் சொல்ல வேண்டும். அந்தத் தகவல் எதிராளியின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. எதிராளி, வழக்கு எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்து, தோற்கும் தறுவாயில் பெட்டியைத் திறந்து காட்டலாம். இதை உணர்ந்து பிலடெல்ஃபியாவின் மூன்றாவது சர்க்கியூட் 2015-இல் கொஞ்சம் இடம் விட்டது: வாதி கிடைக்கும் பொது ஆவணங்களைத் தேடிப் பார்த்துவிட்டு, எதிராளியின் உறுப்பினர் எவரும் என் மாநிலத்தவர் அல்ல என்று நம்புகிறேன் என்று எதிர்மறையாக எழுதித் தொடங்கலாம். தொடங்குவதற்குத்தான் அது உதவும். முடிவில் நிரூபிக்கும் சுமை அவர் தலையில்தான்.

தாமதமாகத் திறக்கப்படும் பெட்டி என்ன செய்யும் என்பதற்கு 2004-இல் வந்த குரூப்போ டாட்டாஃப்ளக்ஸ் வழக்கைப் பார்க்கலாம். இது எல்.எல்.சி. அல்ல, வரையறுத்த கூட்டாண்மை. ஆனால் விதி ஒன்றுதான். டெக்சாஸைச் சேர்ந்த அட்லஸ் குளோபல் குரூப், மெக்சிகோவின் டாட்டாஃப்ளக்ஸ் மீது 1997-இல் வழக்குப் போட்டது. அட்லஸின் ஐந்து கூட்டாளிகளில் இருவர் மெக்சிகோக்காரர்கள். யாரும் கவனிக்கவில்லை. விசாரணைக்கு ஒரு மாதம் முன்பு அந்த இருவரும் வேறு காரணத்துக்காகக் கூட்டாண்மையிலிருந்து விலகிவிட்டார்கள். பிறகு விசாரணை நடந்தது. ஜூரி 7,50,000 டாலர் கொடுத்தது. தோற்ற டாட்டாஃப்ளக்ஸ் அப்போதுதான் வாய் திறந்தது: வழக்கு போட்ட நாளில் இரு பக்கமும் மெக்சிகோ இருந்ததே. விசாரணை நடந்த நாளில் குறை இல்லையே என்றது அட்லஸ். வழக்கு தாக்கலான நாளின் நிலையே கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று சொல்லிவிட்டது. மூன்று வருட உழைப்பும் ஜூரியின் முடிவும் போயின. பெரும்பான்மைக்காக எழுதியவர் மறுபடியும் ஸ்கேலியா.

இந்த விதியின் விந்தையான மூலை ஒன்று தமிழர் பலரின் வீட்டுக் கதையைத் தொடுகிறது. டல்லாஸில் எச்-1பி விசாவில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் இருவர் மட்டும் உறுப்பினராக உள்ள எல்.எல்.சி. ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடமாக அங்கே வீடு, பிள்ளைகள், பள்ளிக்கூடம் எல்லாம் டெக்சாஸ். ஆனால் அந்த எல்.எல்.சி. சட்டத்தின் கண்ணுக்கு அந்நிய நாட்டவர். ஒரு டெக்சாஸ்காரர்மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் அது வழக்குப் போடலாம். ஒரு சிங்கப்பூர் நிறுவனத்தின்மீது போட முடியாது, ஏனென்றால் இரு பக்கமும் அந்நியர். அந்த இருவருக்கும் கிரீன் கார்டு வந்த மறுநாள், டெக்சாஸ்காரர்மீது போடும் வாசலும் மூடிக்கொள்ளும். நிரந்தரவாசி தன் மாநிலத்தவரோடு வழக்காடும்போது வெளியாள் ஆகமாட்டார் என்று 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது.

அடுத்த படி இன்னும் வேடிக்கை. அவர்களில் ஒருவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, பிறகு பெற்றோரைப் பார்த்துக்கொள்ளச் சென்னைக்குத் திரும்பி, அடையாற்றில் நிலையாகக் குடியேறிவிட்டார் என்று வையுங்கள். கையில் ஓ.சி.ஐ. அட்டை; அது இந்தியக் குடியுரிமை அல்ல. ஆகவே அவர் அந்நிய நாட்டவர் இல்லை. அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் நிலையான இருப்பிடம் இல்லாததால் மாநிலக் குடிமகனும் இல்லை. கராகஸ் நகரில் குடியேறிய ஓர் அமெரிக்கரைப் பற்றி 1989-இல் நியூமன்-கிரீன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே முடிவைத்தான் சொன்னது: டைவர்சிட்டிக்கு அவர் ‘மாநிலமற்றவர்’. அப்படி ஒருவர் எல்.எல்.சி.யில் நூற்றில் ஒரு பங்கு வைத்திருந்தால் போதும், அந்த எல்.எல்.சி. முழுவதும் மாநிலமற்றதாகிவிடும். வாதியாகவும் முடியாது, பிரதிவாதியாகவும் முடியாது. இந்த வாசல் அதற்கு இல்லவே இல்லை. 2008-இல் ஒரு பெரிய சட்ட நிறுவனமே இப்படிச் சிக்கியது. நூற்றுக்கணக்கான கூட்டாளிகளில் அமெரிக்கர் ஒருவர் பிரிட்டனில் குடியேறியிருந்தார். அந்த ஒருவரால் வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்தை விட்டு வெளியேறியது.

நீதிமன்றங்கள் தங்களால் ஆனதைச் செய்தன. 2022 டிசம்பர் 1 முதல் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளில் 7.1-ஆம் விதி மாறியது. டைவர்சிட்டி வழக்கில் ஒவ்வொரு தரப்பும் தன் முதல் தாக்கலோடு ஒரு வெளிப்படுத்தல் அறிக்கை தர வேண்டும். யார் யாருடைய குடியுரிமை தன்மேல் ஏறுகிறதோ அவர் பெயரையும் குடியுரிமையையும் அதில் எழுத வேண்டும். இதனால் பெல்வில் கேட்டரிங் போல ஜூரி முடிந்தபின் வெடிக்கும் வழக்குகள் குறையும், அது நல்லது. ஆனால் பெயரை மறைக்கவே எல்.எல்.சி. தொடங்கியவர் இப்போது பெயரைச் சொல்ல வேண்டும், அல்லது முத்திரையிட்டுத் தாக்கல் செய்ய நீதிபதியிடம் அனுமதி கேட்க வேண்டும். விதி பெட்டியைச் சீக்கிரம் திறக்கவைக்கிறது. உள்ளே இருக்கும் மரத்தின் கிளைகளை அது குறைக்கவில்லை.

கிளைகளைக் குறைக்க எல்.எல்.சி.யையும் கார்ப்பரேஷன் போல நடத்தலாம் என்றால், அதற்கு எதிர்வாதம் உண்டு, அதை லேசாகத் தள்ள முடியாது. அப்படி நடத்தினால் மாநிலச் சட்டத்தை மட்டும் பற்றிய வழக்குகள் பெருமளவில் கூட்டாட்சி நீதிமன்றங்களில் வந்து குவியும். உள்ளூர்ப் பாரபட்சம் என்ற பழைய பயம் இன்று எவ்வளவு உண்மை? பாஸ்டன்காரர் அட்லாண்டாவில் அந்நியரா? பொதுவான டைவர்சிட்டியையே ஒழிக்க 1978-இல் பிரதிநிதிகள் சபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது, அது சட்டமாகவில்லை. ஒழிக்கலாம் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் வாசலை வைத்துக்கொண்டு, பல லட்சம் பங்குதாரர் உள்ள கார்ப்பரேஷனிடம் இரண்டே மாநிலம் கேட்டுவிட்டு, மூன்று நண்பர்கள் நடத்தும் உணவகத்திடம் கொடிவழி கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லை. வழக்குகள் குவிவதுதான் கவலை என்றால் 75,000 டாலர் என்ற வரம்பை உயர்த்தட்டும்; அது 1996-இலிருந்து அப்படியே நிற்கிறது.

எல்.எல்.சி.யையும் கார்ப்பரேஷன் போல எண்ணக் காங்கிரஸ் எழுத வேண்டியது ஒரே வாக்கியம். நீதிபதிகள் 1965-இலும் 1990-இலும் 2016-இலும் காங்கிரஸைக் கைகாட்டினார்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2015-இல் இதைத்தான் கேட்டுத் தீர்மானம் போட்டது. காங்கிரஸுக்கு அந்த வாக்கியம் எழுதத் தெரியாது என்று சொல்ல முடியாது. பெரிய குழு வழக்குகளை மாநில நீதிமன்றங்களிலிருந்து எடுத்துக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்குக் கொண்டுவர நிறுவனங்கள் விரும்பியபோது, 2005-இல் அந்த வாக்கியம் எழுதப்பட்டுவிட்டது: கார்ப்பரேஷன் அல்லாத சங்கம் எதுவானாலும், அது எந்த மாநிலச் சட்டப்படி அமைந்ததோ அந்த மாநிலத்துக்கும், அதன் முதன்மைத் தொழிலிடம் உள்ள மாநிலத்துக்கும் குடிமகனாகக் கருதப்படும். 2010-இல் நான்காவது சர்க்கியூட் இதன்படி எல்.எல்.சி.யையும் சேர்த்துக்கொண்டது. கார்ப்பரேஷனுக்கு இரண்டு மாநிலம் என்று சொல்லும் அதே 1332-ஆம் பிரிவில், டி உட்பிரிவின் 10-ஆம் பத்தியாக அது அச்சாகியிருக்கிறது. குழு வழக்குகளுக்கு மட்டும்.